மூன்றாவது துப்பாக்கி

துப்பாக்கியின் இரட்டைக் குழலைக் கழற்றி, ஒரு சணல் கயிற்றில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டுகிறார் அந்தப் பெரியவர். கோயில் மணி போல ஓசை எழுந்து, அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. உடைந்த பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தால், இரண்டு குழல்களையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பற்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். இதில் விடவில்லை. பெரியவர் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கும் முயற்சி தெரிகிறது. பேரம் இன்னும் முடியவில்லையே.

இடம் கொல்கத்தா. லால்பஜார் போலீஸ் தலைமையகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பழைய துப்பாக்கிக் கடை ஒன்று. உயரமான கூரை, கண்ணாடி அலமாரிகள், எண்ணெயும் பழைய மரமும் கலந்த வாசனை. வாங்க வந்திருப்பவர் வட வங்காளத்தின் டூவார்ஸ் பகுதியில் தேயிலைத் தோட்ட மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 68. கையில் இருப்பது பர்மிங்ஹாமில் டபிள்யூ.டபிள்யூ. கிரீனர் கம்பெனி செய்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. முதல் உலகப் போருக்கு முந்தையது என்கிறார் கடைக்காரர். விலை 60,000 ரூபாய்.

இந்தப் பெயருக்கு இது கொள்ளை மலிவு. தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதற்கான கதவு 1980களிலேயே கிட்டத்தட்ட மூடப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து நாட்டுக்குள் இருக்கும் பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள்தான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வரத்து இல்லாத சரக்கு. விலை ஏறத்தானே செய்யும்?

பெரியவருக்கு கிரீனர் ஆசை வந்தது 22 வயதில், உதவி மேலாளராகச் சேர்ந்த முதல் வருடம். அவருடைய மேலாளர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் கிரீனரைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பெட்டியில் வைப்பார். சுட்டதே கிடையாது. 1972ஆம் வருட வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, சாகிபுகளின் வேட்டைக் காலம் முடிந்துபோயிருந்தது. “ஒரே ஒரு தடவை என் கையில் கொடுத்தார். மூடும்போது ஒரு ‘க்ளிக்’. அந்தச் சத்தம்தான்” என்கிறார் பெரியவர். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

துப்பாக்கி வாங்க இதைவிடப் பொருத்தமான பேட்டை இந்தியாவில் இருக்க முடியாது. டல்ஹௌசி சதுக்கத்துக்கு இப்போது பெயர் பி.பி.டி. பாக். பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள் 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்சனைச் சுட்டுக் கொன்றார்கள். சதுக்கம் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் முன்பு, 1914 ஆகஸ்ட் 26 அன்று, ராடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிகளுக்குக் கப்பலில் வந்த சரக்கைச் சுங்கச் சாவடியிலிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றி அனுப்பினார் கம்பெனி குமாஸ்தா. கடைசி வண்டி மட்டும் கடைக்குப் போகவில்லை. அதில் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. குமாஸ்தாவும் புரட்சிக்காரர்களின் ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மௌசர்கள் அடுத்த பல வருடங்களுக்கு வங்காளப் போலீசைத் தூங்கவிடவில்லை.

அந்தப் பரபரப்பெல்லாம் இன்று இல்லை. 1835 முதல் நடக்கும் டா குடும்பத்துக் கடை உள்பட, பெயர் பெற்ற பழைய கடைகள் சில மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலும் வருவது வங்கிக் காவலாளிகளும் அவர்களை வேலைக்கு வைக்கும் ஏஜென்சிக்காரர்களும்தான். தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

ஆனால் பின்னறையில் இடம் இல்லை. காரணம் 2019 டிசம்பரில் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். மூன்றாவதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க ஒரு வருட அவகாசம் தந்தார்கள். தாத்தா வைத்திருந்தது, மாமனார் சீதனமாகத் தந்தது என்று அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் கடைகளுக்கு நடந்து வந்தன. விற்க வருகிறவர்கள் பலர். வாங்க உரிமமும் அதில் காலி இடமும் உள்ளவர்கள் சிலர். இந்த கிரீனரும் அப்படி ஒரு குடும்பம் விட்டுச் சென்றதுதான். “மகன் ஒரு தடவை வந்தார். ‘என்ன கிடைக்கிறதோ கொடுங்கள்’ என்றார். துப்பாக்கியைத் திரும்பிப் பார்க்கவில்லை” என்கிறார் கடைக்காரர்.

பெரியவர் அவசரப்படவில்லை. குழலைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே அரிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். முத்திரைகளை லென்ஸ் வைத்துப் படிக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு துப்பாக்கி, இதைவிட மலிவு. குழல் முழுக்க நீரோட்டம் போலக் கோலம். டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்து, கரி மருந்துக் காலத்துக்காகச் செய்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் கையில் வெடித்தாலும் வெடிக்கும். சுவரில் மாட்டத்தான் லாயக்கு. கிரீனரின் குழல் எஃகு. புகையில்லா மருந்துக்கும் சோதித்த முத்திரை இருக்கிறது. தோட்டா அறை மட்டும் பழைய அளவு, இரண்டரை அங்குலம். 65 மில்லிமீட்டர் தோட்டாதான் போட வேண்டும், 70 கூடாது. பெரியவருக்கு இது தெரியும்.

துப்பாக்கியை மூடுகிறார். க்ளிக். கடைக்காரர் சிரிக்கிறார்.

இனிதான் கணக்கு. பெரியவரின் உரிமத்தில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஒன்று இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள், அதை மகன் கேட்டு வைத்திருக்கிறான். இன்னொன்று அப்பாவின் ஒற்றைக்குழல், 12 போர். கிரீனர் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று வெளியே போக வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உரிமத்தில் பதிவு மாற்றம். அதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகும் என்று கடைக்காரர் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார். முன்பணம் கொடுத்தால் அதுவரை வேறு யாருக்கும் காட்ட மாட்டாராம்.

பெரியவர் பத்தாயிரம் ரூபாயை எண்ணி வைக்கிறார். ரசீது எழுதும்போது, ஏதோ இப்போதுதான் நினைவு வந்தது போலக் கேட்கிறார்: “அப்பாவின் ஒற்றைக்குழலை இங்கே கொண்டுவந்தால் என்ன தருவீர்கள்?”

கடைக்காரர் பேனாவை வைக்கிறார். எந்த நிலையில் இருக்கிறது, எந்த வருடம், யார் செய்தது என்று எதையும் விசாரிக்கவில்லை.

“மூவாயிரம், தாதா” என்கிறார். தமிழ் சினிமாவின் தாதா அல்ல, வங்காளத்தில் அண்ணன். “செக்யூரிட்டிக்காரன் எவனாவது எடுத்தால் உண்டு. உள்ளே வந்து பாருங்கள், எத்தனை கிடக்கிறது என்று.”

பெரியவர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். சியால்தாவில் காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. கிரீனரை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்கிறார்.