சம்பளக் கணக்கில் வராதவை

அக்காவின் குடும்பம் 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே குடிபெயர்ந்தது. அக்கா, மாமா, இரண்டு பெண் குழந்தைகள். மாமாவுக்கு வாகனத் துறையில் வேலை. ஹைதராபாத்தில் மொழியியல் ஆய்வு மாணவியாக இருக்கும் எனக்கு ஜெர்மன் ஓரளவு வாசிக்கத் தெரியும். அதனால் விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதில் தொடங்கி, இன்று அவர்கள் வீட்டுக்கு அஞ்சலில் வரும் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்வது வரை எல்லாம் என் பொறுப்பாயிற்று. இதை அறிந்த நண்பர்கள், "எங்களுக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது, குடும்பத்தோடு போகலாமா?" என்று அழைத்தவண்ணம் இருக்கின்றனர். தனித்தனியே சொல்லி மாளவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு.

பணக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானம் இல்லாத மனைவியும் குழந்தைகளும் தனிக் கட்டணமின்றி அதற்குள் வந்துவிடுவர். 2025இல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 255 யூரோ அரசு தந்தது. வீட்டுக்கான முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று தவணைகளில் செலுத்தலாம். வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறை என்பது நான்கு சுவர்களும் ஒரு தண்ணீர்க் குழாயும் மட்டுமே. அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். முன்னதாகச் சென்று வீடு பிடித்த மாமா, முதல் இரண்டு வாரம் மின்கெட்டிலில் சேமியா வேகவைத்து உண்டார். இவற்றையெல்லாம் யூடியூபில் எவரும் சொல்லிவிடுவர்.

அந்தக் காணொளிகள் சொல்லாத ஒன்று உண்டு. வேலைக்குச் செல்பவருக்கு அந்நாட்டு மொழி மிகக் குறைவாகவே தேவைப்படும். அவருடைய அலுவலகம் ஆங்கிலத்தில் நடக்கும். அவரைத் தொடர்ந்து செல்பவர்களே அந்த மொழிக்குள் வாழ வேண்டியவர்கள். குடும்பத்தோடு செல்வதில் உள்ள இடர்கள் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கின்றன. அவை விமானம் ஏறுவதற்கு முன்பே, பெயரில் தொடங்கிவிடுகின்றன.

தமிழர்களுள் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு, தம் பெயர் உண்டு. பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தைக் கைவிடுமாறு 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதன் பயன் இன்று நம் வருகைப் பதிவேடுகளில் தெரிகிறது. எனக்கு அதில் பெருமையே. ஆனால் பட்டம் போன இடம் உலகின் படிவங்களில் கட்டாயக் கட்டமாக நிற்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட முடியும். அப்படி விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில், முதற்பெயர் தெரியவில்லை என்னும் பொருளுடைய மூன்றெழுத்துச் சுருக்கமே பெயராகிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இங்கே என் தெலுங்குத் தோழியர்க்கு இந்தக் கவலை இல்லை. 'இண்டி பேரு' என்னும் வீட்டுப்பெயர் அவர்களுக்கு முன்கூட்டியே இருக்கிறது. அதை எடுத்துக் கட்டத்தில் இட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நம் நிலை எப்படி என்றால், முருகப் பெருமானே குடும்பத்தோடு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் சி. முருகன். கடவுச்சீட்டில் முதலெழுத்தை விரித்தெழுத வேண்டும் என்பதால் பெயர் முருகன், குடும்பப்பெயர் சிவன். வள்ளி மணத்துக்கு முன்பே கடவுச்சீட்டு எடுத்தவள். அவளுடைய குடும்பப்பெயர் நம்பி. குழந்தைக்குத் தந்தையின் பெயரையே இடுவோம்; ஆகவே குழந்தையின் குடும்பப்பெயர் முருகன். ஒரு வீட்டில் மூவர், மூன்று குடும்பப்பெயர்கள். (தெய்வானையின் பேச்சை இங்கே எடுக்கவில்லை, மனைவியர் இருவரை அந்நாட்டுச் சட்டம் ஒருசேர ஏற்காது.) ஜெர்மனியிலும் கணவனும் மனைவியும் வெவ்வேறு குடும்பப்பெயர் வைத்திருப்பதுண்டு. ஆனால் குழந்தையின் குடும்பப்பெயர் பெற்றோருள் ஒருவருடையதையாவது ஒத்திருக்கும். இங்கே அதுவும் இல்லை. தாள்களை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பற்ற மூன்று அந்நியர்கள்.

இதைவிடச் சிக்கலானது குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர். மருத்துவமனையில் பெயர் கேட்கும்போது கணவர் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து, மு. வள்ளி என்று நம் வீட்டார் சொல்லிவிடுவர். கடவுச்சீட்டிலோ அவள் வள்ளி நம்பி. மு. வள்ளியும் வள்ளி நம்பியும் ஒருவரே என்பதை யார் சொல்வது? அக்காவின் இரண்டு குழந்தைகளுடைய சான்றிதழ்களிலும் இதே நிலைதான். போதாக்குறைக்கு, தகரத்துக்கு ஆங்கிலத்தில் இடும் 'எச்' எழுத்து ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்னும் உறுதிமொழிப் பத்திரம், திருத்த விண்ணப்பம், மீண்டும் மொழிபெயர்ப்பு என்று நான்கு மாதங்கள் கழிந்தன. வேலை உத்தரவு வந்தபின் இந்த வேலையைத் தொடங்குவோர், கணவர் முதலிலும் குடும்பம் பல மாதம் கழித்தும் செல்ல நேர்வது பெரும்பாலும் இதனால்தான். வேலை தேடும் எண்ணம் வந்த நாளிலேயே திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுகள் அனைத்தையும் தரையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூலபாட ஆய்வு செய்பவர்கள் சுவடிகளை ஒப்பிடுவதைப் போன்ற வேலை இது.

அங்கே சென்றபின் பெயர் வேறொரு விதமாக விளையாடும். அலுவலகங்களில் குடும்பப்பெயரால் அழைப்பதே மரியாதை. மாமாவை அழைக்கும்போதெல்லாம் காலமாகிவிட்ட அவருடைய தந்தையின் பெயர் ஒலிக்கிறது. முதல் மாதம் முழுவதும் தம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜகரத்துக்கு நாம் இடும் ஆங்கில எழுத்தை அவர்கள் யகரமாக வாசிப்பர். ஜெயா அங்கே யேயா. ழகரம் படும் பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மொழித் தேர்வு. ஜெர்மனியில் வாழும் துணைவரோடு சேரச் செல்பவர் அடிப்படை ஜெர்மன் அறிந்திருக்க வேண்டும் என்னும் விதி 2007இல் வந்தது. ஏ1 நிலைத் தேர்வு. 100 மதிப்பெண்ணுக்கு 60 பெற்றால் தேர்ச்சி. பேச்சுப் பகுதி தன்னறிமுகத்தில் தொடங்கும்: பெயர், வயது, நாடு, ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. பிறகு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். தேர்வை வடிவமைத்தவர்கள் குடியேறியின் முதல் மாதத்தை நன்கு அறிந்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது.

'ப்ளூ கார்டு' என்னும் அனுமதி பெற்ற உயர்கல்வியாளர்களின் துணைவருக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. மாமாவுக்கு அந்த அனுமதி கிடைத்ததால் அக்காவுக்கும் விலக்கு. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தனர். நான் மகிழவில்லை. சட்டத்தின் பார்வையில் இது சலுகை. ஆனால் விலக்குப் பெற்றவள்தான் குழந்தை மருத்துவரிடம் காய்ச்சலை விளக்க வேண்டும், பள்ளிக் கூட்டத்தில் அமர வேண்டும், குப்பையைத் தவறான தொட்டியில் போட்டதாகக் கீழ்வீட்டு அம்மையார் சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும். எட்டு மணி நேரமும் ஆங்கிலத்தில் கழிக்கும் மாமாவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. "தேவையில்லை என்கிறார்களே, எதற்கு வீண்செலவு?" என்று மாமா கேட்டார். "தேவையில்லை என்பது விசாவுக்கு, வாழ்க்கைக்கு அல்ல" என்று அக்காவே பதில் சொல்லிவிட்டாள். கிளம்புவதற்கு முன் ஆறு மாதம், அதிகாலை ஐந்து மணிக்கு, இணையவழி வகுப்பு.

அவளுடைய தொழிலையும் சொல்லியாக வேண்டும். கரூரில் தனியார் பள்ளியில் ஒன்பதாண்டுகள் கணிதம் கற்பித்தவள். ப்ளூ கார்டு பெற்றவரின் துணைவர் எந்த வேலையும் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அங்கே ஆசிரியப் பணி அரசு வரையறைக்கு உட்பட்டது. பெரும்பாலும் இரண்டு பாடங்களில் தகுதி கேட்பார்கள். மொழியில் சி1 அல்லது அதற்கும் மேற்பட்ட நிலை வேண்டும். ஒரு பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் உடையவர்க்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. மாமாவின் சம்பளம் எத்தனை மடங்கு உயர்ந்தது என்று கணக்கிட்டவர்கள், அக்காவின் சம்பளம் பூச்சியமானதை அதிலிருந்து கழிக்கவில்லை. பணத்தைவிட, "டீச்சர்" என்று தெருவெல்லாம் அழைத்த ஒருத்தி பேக்கரியில் ரொட்டி கேட்கும்முன் மனத்துக்குள் இருமுறை வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குழந்தைகளுக்கு வருகிறேன். சிறியவளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு மழலையர் காப்பகத்தில் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்டு முதல் சட்டத்தில் இருக்கிறது. உரிமை இருந்தது, இடம் இல்லை. எட்டு மாதம் காத்திருந்தார்கள். அதன்பின் அவள் மொழியைப் பிடித்த வேகம் எவரையும் வியக்கவைக்கும். ஓராண்டுக்குள் அம்மாயி காணொளி அழைப்பில் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஜெர்மனில் விடை சொல்லத் தொடங்கிவிட்டாள். தமிழ் முழுதும் புரிகிறது, வாயில் வருவதில்லை. குடியேறிய குடும்பங்களில் இது நன்கறிந்த நிலை. வீட்டிலும் ஜெர்மன் பேசினால் பிள்ளைக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தார் அறிவுரை கூறியிருக்கிறார்கள். என் துறையில் இதற்கு ஆதரவு இல்லை. தாய் தடுமாறிப் பேசும் ஜெர்மனைவிட, கதையும் வசவும் கொஞ்சலும் கலந்து சரளமாகப் பேசும் தமிழே குழந்தையின் மொழித்திறனுக்கு உரம். ஜெர்மனை ஊர் சொல்லிக்கொடுத்துவிடும். தமிழைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஊர் இல்லை.

மூத்தவள் நிலை வேறு. எட்டு வயது; இங்கே மூன்றாம் வகுப்பில் இருந்தவள். அவர்கள் வாழும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் தொடக்கப்பள்ளி நான்கு ஆண்டுகள். நான்காம் வகுப்பில் பள்ளி ஒரு பரிந்துரை வழங்கும்: பல்கலைக்கழகத்தை நோக்கிய கிம்னாசியமா, ரியால்ஷூலேயா, வேறு வகைப் பள்ளியா என்று. பின்னாளில் மாறிக்கொள்ள வழிகள் உண்டு. ஆயினும் ஒரு வண்டியில் ஏறியபின் இறங்கி மறுவண்டி பிடிப்பது எவர்க்கும் எளிதன்று. இங்கே மொழியியலாளர் ஜிம் கமின்ஸ் 1980களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டிய வேறுபாட்டை நினைவுகூர்வது நல்லது. புதிய மொழியில் விளையாடவும் பேசவும் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டாண்டு போதும். பாடநூலின் மொழியில் உடன்பயில்வோரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். எட்டு வயதில் சென்று மூன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குப் பரிந்துரை வருவதற்குள் ஒன்றரை ஆண்டே கிடைக்கும். கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளையும், கணக்கு வாக்கியமாக எழுதப்பட்டிருப்பதால் பின்தங்கக்கூடும். சம்பளத்தை மாதக் கணக்கில் ஒப்பிடும் நண்பர்களிடம் நான் முதலில் பிள்ளையின் வயதைக் கேட்பது இதனால்தான். மூன்று வயதும் எட்டு வயதும் பதினான்கு வயதும் ஒரே பயணம் அல்ல.

பள்ளி, அவளை இரண்டாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டது. மாமாவுக்கு அது இழிவாகப் பட்டது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை ஓராண்டு பின்னால் போவதா? ஊரில் என்ன சொல்வார்கள்? இரண்டு இரவுகள் வாட்ஸாப்பில் வழக்காடினோம். "மாமா, அவளுக்கு ஓராண்டு இழப்பு இல்லை, மொழிக்கு ஓராண்டு கூடுதல்" என்று நான் சொன்னேன். அவர் உடனே ஒப்பவில்லை. பிள்ளை இடைவேளையில் தனியாக நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஆசிரியை சொன்னபின் ஒப்புக்கொண்டார். முதல் மாதங்களில், புதிதாக வந்த பிள்ளைகளுக்கென அங்கே நடத்தப்படும் ஆயத்த வகுப்பிலும் அவள் இருந்தாள். அவ்வகுப்பில் அரபு பேசும் ஒரு தோழியும் உக்ரைனிலிருந்து வந்த ஒரு தோழியும் கிடைத்தனர். மூவரும் தவறான ஜெர்மனில் தங்குதடையின்றி வாயாடினார்களாம்.

அம்மாவும் அப்பாவும் கரூரில் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் சென்றால் 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். சென்ற கோடையில் அம்மா மட்டும் போய்வந்தார். சிறியவளுக்குத் தினமும் ஒரு கதை சொன்னார். திரும்பும் வாரத்தில் அவள் அம்மாயியிடம் தமிழில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டாள் என்பது இவ்வாண்டின் நற்செய்தி.

மூத்தவளின் பள்ளிப் பரிந்துரை 2027இன் தொடக்கத்தில் வரும். அதற்குள் பி2 தேர்வை எழுதிவிட அக்கா படித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சந்திப்பில் ஆசிரியையோடு பேச, தொலைபேசியின் மறுமுனையில் தங்கை தேவைப்படக் கூடாது என்கிறாள்.