காது முதலில், கை பிறகு

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என் பட்டறைக்குப் பதறி வருகிற இளைஞர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருது தம்பி?” பலருக்குப் பதில் தெரிவதில்லை. ஆனால் புது பேட்டரி என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்திருப்பார்கள்.

வண்டி தன் குறையைத் தானே சொல்லும். சத்தமே வரவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்தோ உப்புப் பூத்தோ இருக்கும். விளக்கு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் மோட்டார் அசையாவிட்டால், கிளட்சை முழுக்க மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ‘டக் டக்’ என்று மட்டும் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் வலு இல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? இப்போது பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா என்று தேட வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் சாவியை ஆன் செய்ததும் டேங்கில் இருக்கும் பம்ப் ஓரிரு நொடி முனகும். அந்த முனகல் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள்.

பழுதைக் கண்டதும் வேலை முடிந்துவிடாது, அதன் காரணத்தையும் தேட வேண்டும். நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே போனால் நன்றாக இறங்கிவிட்டது என்று பொருள். ஏன் இறங்கியது? இரவெல்லாம் உள்விளக்கு எரிந்ததா? நம் ஊர் வெயிலில் பேட்டரிக்கு வயதாகிவிட்டதா? ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா? எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். சார்ஜ் ஏறவில்லை என்றால், புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதுவும் படுத்துவிடும்.

அம்பாசடர் காலத்தில் இக்னிஷன் பாயிண்டைத் தேய்த்து, கார்புரேட்டரைத் துடைத்து வண்டியைக் கிளப்பினோம். இன்று ஸ்கேனர் வந்துவிட்டது. அது காட்டும் பிழைக் குறியீடு, கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை மனிதர்தான் சோதித்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கக் கூடாது என்பதே என் ஆசை. பிள்ளைக்கு மார்க் குறைந்தால் “படிக்கவே மாட்டேங்கிறான்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். போர்டில் எழுதுவது கண்ணுக்குத் தெரிகிறதா? கணக்கில் எந்தப் படியில் நிற்கிறான்? பள்ளியில் யாரையாவது கண்டு பயப்படுகிறானா? கண்ணாடி போட்டால் சரியாகிற பிள்ளைக்கு மூன்று டியூஷன் வைத்து என்ன பயன்? கணவன் மனைவி சண்டையிலும், கடை வியாபாரம் படுத்தாலும் இதே கதைதான். எந்த இடத்தில் நின்றது என்று கேட்பதற்கு முன்பே யார் குற்றம் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம்.

கடைசியாக, மீண்டும் வண்டிக்கே வருகிறேன். செல்ஃபைத் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் சுற்றாதீர்கள். சற்று ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் வண்டி கிளம்பலாம், ஆனால் எதனால் கிளம்பியது என்று தெரியாது. அது தெரிந்தவர்தான் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.