இன்ஜினை இறக்கலாமா, வண்டியையே வித்துடலாமா?

உங்க வீட்டு வண்டி சைலன்சர்ல நீலப்புகை விட ஆரம்பிச்சா, தெருவுல ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வாங்க. எங்க வீட்டுக்கும் வந்தது மூணு யோசனை. வித்துடுங்க, பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க, இன்ஜினை இறக்கி வேலை பாருங்க.

வண்டி 2009 மாடல் ஆம்னி. விடியக்காலம் எங்க தோட்டத்து மல்லிகையை நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது அதுதான். மொட்டு விரியறதுக்குள்ள கடைக்குப் போகணும், லேட்டானா விலை இல்லை. ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டியும் மேட்டுல வண்டி இழுக்கலை. அதனால இந்தக் கேள்விக்குச் சீக்கிரமே பதில் தேவைப்பட்டது.

வித்தா 60,000 ரூபாய்க்குக் கேட்டாங்க. ஆம்னி உற்பத்தி 2019-லயே நின்னு போச்சு, வேற எந்த வண்டி எடுத்தாலும் லோன்தான். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "பூ விலை விழுந்த மாசம் டியூ யாரு கட்டுறது?" என் கடைசி செமஸ்டர் ஃபீஸும் அதே தோட்டத்துல இருந்துதான் வரணும். விக்கிற பேச்சு அதோட நின்னுடுச்சு.

பழைய இன்ஜின் 20,000 ரூபாய்னு சொன்னாங்க. மலிவுதான். ஆனா அது எத்தனை கிலோமீட்டர் ஓடினது, ஏன் கழட்டினாங்கன்னு யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, இன்ஜின் நம்பர் பிளாக்குலதான் அடிச்சிருக்கும். பிளாக் மாறினா நம்பரும் மாறும், அதை ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சியில மாத்தணும். சொந்த இன்ஜினையே ரீபில்ட் பண்ணினா அந்த அலைச்சல் இல்லை.

மெக்கானிக் அண்ணன் ஆயில் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து புகை குபுகுபுன்னு வந்துச்சு. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது தம்பி"ன்னார். நாம ஐசி இன்ஜின்ஸ் பேப்பர்ல 'ப்ளோ-பை'னு எழுதி மார்க் வாங்கினோமே, அதேதான். சிலிண்டர்ல எரியுற கேஸ், ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குது.

நான் உடனே இறக்க வேண்டாம்னேன், முதல்ல அளந்து பார்க்கச் சொன்னேன். பிளக்கைக் கழட்டிட்டு கேஜ் வெச்சோம். மூணு சிலிண்டர்ல நடுவுல இருந்ததுல கம்ப்ரஷன் ரொம்பக் குறைவு. அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தா ரீடிங் ஏறிடுச்சு. ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைக்குது, அப்போ கோளாறு ரிங்லயோ போர்லயோ இருக்குன்னு அர்த்தம். ஏறாம இருந்தா வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகப்படணும், ஹெட் வேலையோட முடியவும் வாய்ப்பு இருக்கு. ஐந்து நிமிஷச் சோதனைதான், செலவை இதை வெச்சுத்தான் முடிவு பண்ண முடியும்.

அடுத்தது லேத். "ரிங் மட்டும் மாத்திட்டா பாதி செலவுதான்"னு வெளியில ஒருத்தர் சொல்லியிருந்தார். போர் தேயறது எப்பவும் மேல்பக்கம்தான் அதிகம், மேல் ரிங் திரும்புற இடத்துல. வட்டமும் கோணலாகிடும். கோணல் போர்ல புது ரிங் போட்டா சரியா உட்காராது, கொஞ்ச நாள்ல மறுபடியும் புகை வரும். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளியே ஒரு மில்லிமீட்டர்ல நூறுல சில பங்குதான்.

இந்த இன்ஜின் போர் 68.5 மி.மீ. 0.25 ஓவர்சைஸுக்குக் கடைஞ்சா தேய்மானம் முழுசா போகாதுன்னு தெரிஞ்சது. அதனால 0.50-க்குப் போனோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க: 69 மி.மீ. போர், 72 மி.மீ. ஸ்ட்ரோக், மூணு சிலிண்டர். 796 சிசி இன்ஜின் கிட்டத்தட்ட 808 சிசி ஆயிடுச்சு! இனிமே ஒரு ரீபோர் வந்தா ஸ்லீவ்தான் போடணும், அதையும் லேத்காரர் முன்னாடியே சொல்லிட்டார்.

கிராங்க் கிரைண்டிங், அதுக்கேத்த பேரிங், ஹெட் ஃபேஸிங், வால்வு லேப்பிங், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேர்த்து 34,600 ரூபாய். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தாங்க. வேலை நடந்த ஒன்பது நாளும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில பூ போச்சு, வாடகை தனி. பழைய இன்ஜினை விட 14,600 அதிகம்தான். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. பிளாக் வெடிச்சிருந்தாலோ, அடிபாகம் துருப்பிடிச்சுப் போயிருந்தாலோ இன்ஜின்ல பணம் போடாதீங்க. எங்க வண்டிக்கு பாடி நல்லா இருந்துச்சு, 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சியும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிச்சிருந்தோம். அதனாலதான் துணிஞ்சோம்.

நீங்களும் இறக்கறதா இருந்தா மூணு விஷயம் கேட்டு வாங்குங்க: கழட்டின பழைய பார்ட்ஸ், போர் - கிராங்க் அளவு எழுதின பில், எத்தனை மாசத்துக்குப் பொறுப்புங்கிற எழுத்து. தரத் தயங்கினா வேற இடம் பாருங்க. வண்டி வந்ததும் முதல் 1,000 கிலோமீட்டர் விரட்டாதீங்க, முக்க விடாதீங்க, அது முடிஞ்சதும் ஆயிலை மாத்திடுங்க.

'ரீபில்ட்'னு சொன்னாலே சிலர் முகம் சுளிக்கிறாங்க, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. தேஞ்சுபோன அளவைக் கணக்குப் பார்த்துச் சரிக்கட்டுற வேலை அது, நாம நாலு வருஷமா படிக்கிற வேலையும்கூட. எங்க வண்டி இதுவரைக்கும் 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, நடுவுல ஆயில் ஊத்தலை. மார்ச் மாசம் ஃபீஸும் கட்டியாச்சு.