41 நாள் சாமி

2024 நவம்பரில் இசைவாணி பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டை வைத்துப் பிரச்சினை கிளம்பியபோது கார்த்திகை பிறந்திருந்தது. திண்டுக்கல் பேருந்து நிலையம் முழுக்கக் கறுப்பு வேட்டிகள். தேனி, குமுளி வழியாகச் சபரிமலை போகிற வண்டிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும்.

பாட்டு புதியதல்ல. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டு அது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த இசை. பறைக்குப் பக்கத்தில் மின் கிட்டார். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டி எழுந்த விவாதம்தான் அந்தப் பாட்டின் பின்னணி. ஆறு வருடம் கழித்து அதைத் தோண்டியெடுத்து, காவல்துறையில் புகார் கொடுத்து, பாடிய பெண்ணை மிரட்டினார்கள். அவர் எந்த மதம் என்று தேடினார்கள். இது பெண்களின் உரிமையைக் கேட்கும் பாட்டு என்று நீலம் பண்பாட்டு மையம் விளக்கம் கொடுத்தது. யார் காதில் விழுந்தது?

வெளியே நடந்த சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது எங்கள் மாலை வகுப்பில் நடந்த சண்டையைப் பற்றி.

வாரத்தில் மூன்று நாள் ஒரு சேரியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் பறைப் பயிற்சி. அன்றைக்குப் பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருவன் செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டான். முடிந்ததும் அவனே கேட்டான்: "இல்லாத சாமிகிட்ட எதுக்குக்கா சாரி கேக்கணும்? உள்ள விடுன்னு எதுக்குக்கா கெஞ்சணும்?"

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "எங்கப்பா மாலை போட்டிருக்காரு" என்றாள்.

"உங்கப்பாவுக்கு இன்னும் புத்தி வரல" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் பறை மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரம் வரவில்லை.

பறை சொல்லிக்கொடுக்கிற தாத்தா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாமி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் அடிச்சாத்தான் அது கெளம்பும். ஆனா நான் உள்ள போகக் கூடாது. இதுல எதப் பத்தி நீங்க சண்ட போடுறீங்க?"

அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். கழுத்தில் துளசிமணி மாலை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் கோபப்படவில்லை.

"பேட்டையில மத்த நாளெல்லாம் என்னைய 'டேய்'னுதாம்மா கூப்பிடுவாங்க. என் வயசுல பாதி இருக்கறவனும் அப்படித்தான். மாலை கழுத்துல கெடக்கறவரைக்கும் அதே ஆளு 'சாமி, இந்த மூட்டைய எறக்குங்க'ங்கறான். பன்னெண்டு வருசமா போடறேன்."

முதுகலை சமூகவியல் படித்தவள் நான். சடங்கு, தகுதி, மேல்நிலையாக்கம் என்று பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியிருக்கிறேன். வருடத்தில் 41 நாள் 'டேய்' கேட்காமல் இருப்பதற்காக ஒரு மனிதர் பட்டினி கிடந்து, வெறுங்காலில் நடந்து, சேர்த்த காசைச் செலவழிக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாங்கள் சிரித்தது அந்த 41 நாளைப் பார்த்து.

உள்ளே இருந்து மகள் கேட்டாள்: "மாலையக் கழட்டுன மறுநாள் என்னப்பா கூப்பிடுவாங்க?"

அவர் பேசவில்லை.

"சரி, அந்த 41 நாள் எனக்கு எப்பப்பா வரும்? அம்பது வயசுக்கு மேலயா?"

"அதச் சாமிகிட்டத்தான் கேக்கணும்" என்று சிரித்தார்.

"அந்தப் பாட்டும் அதத்தான்பா கேக்குது."

தோழர்களே, நம்மில் பலர் அந்தப் பாட்டை ஆத்திகமா நாத்திகமா என்றே பிரித்துக் கேட்டோம். பக்தர்களுக்கு அது சாமியைப் பழிப்பதாகத் தெரிந்தது. நாத்திகத் தம்பிக்கு அது சாமியிடம் கெஞ்சுவதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் வாசலில் நிற்கவைக்கப்பட்டவளைப் பார்க்கவில்லை. பின்னாளில் கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன பெரியார், 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை போனார். அண்ணல் அம்பேத்கர் 1930இல் நாசிக் காலாராம் கோயில் முன்பு போராட்டம் நடத்தினார். 1956இல் பௌத்தம் ஏற்றார். ராமன் மேல் பக்தி வந்து அவர் அங்கே நின்றதாக யாராவது சொல்வோமா? கதவைத் திறக்கச் சொல்வது வேறு, உள்ளே போய்க் கும்பிடுவது வேறு.

அன்றைய விவாதத்தில் வாயே திறக்காத இன்னொரு பிள்ளையும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள், சான்றிதழில் இந்து. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறித்தவர்களான தலித்துகள் இன்றும் வெளியே. நம் பிள்ளைகளுக்கு 'நீ எந்த மதம்' என்ற கேள்வி, படிப்பையும் வேலையையும் பறிக்கக்கூடிய கேள்வி. பாடகியின் மதத்தைத் தேடியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

பறைக்கு மதம் உண்டா என்றும் தம்பி கேட்டான். இதே திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரியான சகோதரி சந்திரா, சக்தி கலைக்குழுவைத் தொடங்கித் தலித் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தார். சாவுக்கு ஆண்கள் மட்டும் அடித்த கருவியைப் பெண்கள் மேடையில் அடித்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில், கர்நாடக இசை கோலோச்சிய தேவாலயத்துக்குள் நாட்டுப்புற மெட்டைக் கொண்டுபோனார். இவர்கள் கடவுளை நம்பியவர்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையிலும் அதே தோல்தான் அதிர்கிறது.

அவள் மறு வாரம் வந்தாள். தம்பி அவளிடம் "சாரி" என்றான். "எங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். அவன் போய்ச் சொன்னானாம். அவர் அவனையும் "சாமி" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மகர விளக்கு முடிந்து அவர் மாலையைக் கழற்றினார். பேட்டையில் மறுபடியும் 'டேய்'தான். அதை என்ன செய்வது என்றுதான் இப்போது எங்கள் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் சாமி கும்பிடுகிற பிள்ளையும் கும்பிடாத தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜெய்பீம்.