அம்மா சுரண்டிய எழுத்து

தாத்தாவின் இன்சுலின் குப்பி மண்பானைக்குள் இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு. பாலித்தீன் பையில் முடிந்து தண்ணீரில் போட்டுவைப்பாள் அம்மா. காலையில் கண்ணாடி சிரிஞ்சு வெந்நீரில் கிணுகிணுக்கும். ரப்பர் மூடியில் ஊசி இறங்கியதும் ஆஸ்பத்திரி வாடை ஒன்று எழும்.

குப்பியின் லேபிளில் ஓரிடம் எப்போதும் நகத்தால் சுரண்டப்பட்டிருக்கும். 'பொவைன்' என்று அச்சடித்த இடம். தாத்தா முட்டைகூடத் தொடாதவர். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர். மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது என்று தெரிந்தால் கையை நீட்டமாட்டார்.

பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரேயொரு அமினோ அமிலம்தான் வித்தியாசம், மாட்டுக்கு மூன்று என்று கல்லூரியில் வாத்தியார் சொன்னபோது, வகுப்பறையில் அந்த வாடை வந்தது. அம்மா சுரண்டியது அந்த மூன்றைத்தானா?

அந்த வித்தியாசமே இல்லாமல் செய்த கதை 1976இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. பேராசிரியர் ஹெர்பர்ட் போயரும் முதலீட்டுத் தொழிலில் இருந்த ராபர்ட் ஸ்வான்சனும் பீர் குடித்தபடி பேசி, ஆளுக்கு 500 டாலர் போட்டு ஜெனன்டெக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகத்தில் விஞ்ஞானிகள் இட்டகுராவும் ரிக்ஸும் குழுவினரும் இன்சுலின் மரபணுவைத் துண்டு துண்டாகக் கோத்தார்கள். 21 அமினோ அமிலம் கொண்ட சங்கிலி ஒரு பாக்டீரியாவில், 30 கொண்டது இன்னொன்றில். இரண்டையும் 1978இல் சேர்த்தார்கள். அந்த பாக்டீரியாவைப் பெரிய தொட்டிகளில் பெருக்கிய எலி லில்லி மருந்துக் கம்பெனிக்கு 1982இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

லில்லிக்கு இன்சுலின் புது உறவல்ல. 1922லேயே டொரண்டோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்சுலின் தயாரித்த கம்பெனி. அங்கே இன்சுலினைக் கண்டுபிடித்த பேண்டிங்கும் கூட்டாளிகளும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக்கொடுத்தார்கள். ஆய்வகத்தில் பிறந்ததை ஊரூராகக் கொண்டுபோகத் தொழிற்சாலை வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்குக் கூலியும் வேண்டியிருந்தது. அந்த ஒரு டாலரைப் படிக்கும்போதெல்லாம், மருந்துக்கடை வாசலில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணியது கண்ணில் நிற்கும்.

இப்போது அம்மாவுக்கே சர்க்கரை. குப்பி ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில். லேபிளில் 'ஹியூமன்' என்றிருக்கிறது, சுரண்ட ஒன்றுமில்லை. ஆனாலும் எழுத்துள்ள பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பித்தான் வைக்கிறாள்.

தாத்தா போய் முப்பது வருஷமாயிற்று.