பட்டாளத்துத் தாத்தாவின் தோள்பட்டை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில், பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக விறைத்து நிற்கும் ஒருவரின் படம் தொங்கும். கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருக்கும். யாரென்று கேட்டால் ‘பட்டாளத்துத் தாத்தா’ என்பார்கள். எங்கே சண்டை போட்டார் என்றால் பர்மா என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். படம் இன்னும் ஒரு தலைமுறை பழையதென்றால் பஸ்ரா. கதை அதற்குமேல் நகராது. பேரன் பேத்திகள் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தேடப் புறப்படும்போது முதல் கேள்வியிலேயே வழி தவறிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். எந்த ஊரில் சண்டை போட்டார் என்பது படத்துக்குத் தெரியாது. எந்தப் பிரிவில் இருந்தார் என்பது தெரியும். தேடலுக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

காரணம், இந்தியத் தரைப்படையில் சிப்பாய்களின் காகிதங்கள் ஊர்வாரியாகவோ போர்வாரியாகவோ அடுக்கப்பட்டவை அல்ல, படைப்பிரிவுவாரியாக இருப்பவை. மதறாஸ் ரெஜிமென்ட் ஆள் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரியின் வெலிங்டனில். மதறாஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்னன்ஸ் என்றால் செகந்திராபாத், பீரங்கிப் படை என்றால் நாசிக். பிரிவு தெரியாமல் எழுதும் கடிதம் போய்ச் சேர இடமில்லை. பஞ்சாபிகளுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது: முதல் உலகப் போருக்கு அங்கிருந்து போன சுமார் 3,20,000 பேரைக் கிராமவாரியாகக் குறித்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021-ல் இணையத்துக்கு வந்தன. ஊர்ப் பெயரைத் தட்டினால் ஆட்கள் வருகிறார்கள். கரிசல்காட்டுக்காரர் அப்படித் தட்டிப் பார்க்க முடியாது. இதில் நாம் மட்டும் தனியாக இல்லை. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுகளில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்க் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. அந்த நாடுகளின் குடும்பங்களும் கடைசியில் தாத்தாவின் படத்தையும் ஒரு பூதக்கண்ணாடியையும்தான் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

கண்ணாடியை முகத்தில் வைத்துப் பயனில்லை. தோள்பட்டையின் ஓரத்தில் பித்தளை எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தால் லாரி, ரேஷன், கோவேறு கழுதை எல்லாம் பார்த்துக்கொண்ட சப்ளைப் படை. ஐ.ஈ.எம்.ஈ. என்றால் வண்டியும் துப்பாக்கியும் பழுதுபார்த்தவர்; அந்தப் பிரிவு உருவானதே 1943-ல்தான், ஆகவே படம் அதற்குப் பிந்தையது. சட்டைக் கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தொப்பிச் சின்னத்தின் உச்சியில் பிரிட்டிஷ் மகுடம் இருக்கிறதா, அசோகச் சிங்கம் இருக்கிறதா என்பது அடுத்த படி. 1950 ஜனவரி 26-ல் குடியரசான பிறகுதான் மகுடம் இறங்கிச் சிங்கம் ஏறியது. இரண்டாம் உலகப் போர்க்காரர் என்று வீட்டார் சொல்லும் படத்தில் சிங்கம் இருந்தால், ஒன்று அவர் போருக்குப் பிறகும் நீடித்தவர், அல்லது போருக்கே போகாதவர்.

காலம் தெரிந்துவிட்டால் பிரிவும் பாதி தெரிந்த மாதிரிதான். இது தெற்கத்தியாருக்கே உரிய ஒரு வசதி. வசதி என்று சொல்லிவிட்டேன், அதன் பின்னால் இருப்பது ஓர் அவமானம். 1881 முதல் 1885 வரை மதறாஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்ற முடிவோடு வடக்கே போனார். ‘வீர இனம்’ என்ற அந்தக் கோட்பாடு வேரூன்றி, 1920-களின் இறுதிக்குள் மதறாஸ் காலாட்படையே கலைக்கப்பட்டது. 1933-க்குள் பயனியர் படைகளும் போயின. ‘தம்பி’ என்று செல்லப்பெயர் பெற்ற மதறாஸ் சாப்பர்ஸ் மட்டும் பெங்களூரில் தாக்குப்பிடித்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஆள் பற்றாக்குறை வந்த பிறகுதான் மதறாஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. ஆகவே 1930-களின் நடுவில் எடுத்த படம் என்று உறுதியானால், அதில் இருப்பவர் வழக்கமான காலாட்படைக்காரர் அல்ல என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். முதல் கடிதம் பெங்களூருக்குப் போகலாம்.

இனி மார்பில் இருக்கும் ரிப்பன்கள். குடும்பக் கதைகள் பெரும்பாலும் இவற்றின் மேல்தான் கட்டப்படுகின்றன, இடிவதும் இங்கேதான். பர்மா நட்சத்திரம் 1945 மே மாதத்தில்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே அந்த ரிப்பனோடு இருக்கும் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அந்த நட்சத்திரம் வைத்திருந்தவர் பர்மா மண்ணை மிதித்தவர் என்றும் சொல்ல முடியாது. 1942 மே முதல் 1943 டிசம்பர் வரை வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு. இந்தியாவுக்குள்ளேயே போர்முனை அல்லாத வேலையில் மூன்று ஆண்டு இருந்தவர்களுக்குத் தனியாக ‘இந்தியா சர்வீஸ் மெடல்’ இருந்தது. நிறத்தை வைத்துப் பிரித்தறியலாமே என்றால், கருப்பு வெள்ளைப் படம் அங்கே காலை வாரும். ஸ்டுடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் பயன்படுத்திய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் நீலம் வெளிறிப்போகும், சிவப்பு கருத்துப்போகும். பர்மா ரிப்பனின் நடுச் சிவப்பு அதில் ஏறக்குறைய கறுப்பு. நம் கண் வெளிச்சத்துக்கேற்ப வாசிக்கிறது, பிலிம் அப்படி வாசிக்கவில்லை. வரிசையும் எண்ணிக்கையும் ஓரளவு நம்பத்தக்கவை; நிறத்தை வைத்து ஒரு போர்க்களத்தையே எழுப்புவது ஆபத்து.

காக்கி போட்டவரெல்லாம் பட்டாளமா என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. போலீஸ், உப்பு இலாகா, காட்டு இலாகா, போர்க்கால விமானத் தாக்குதல் எச்சரிக்கைப் பணியாளர் எல்லாரும் காக்கிதான். தோள் எழுத்து இல்லாத காக்கியை நானும் பட்டாளக் கணக்கில் சேர்க்கமாட்டேன். இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: சுவரில் தொங்குவது ஒளிப்படமே அல்ல, ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்த ‘என்லார்ஜ்மென்ட்’. ஆள் இறந்த பிறகு சின்னப் படத்தைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லும்போது, ஓவியர் முகத்தில் கவனம் வைத்துத் தோள் எழுத்தைப் பூசி மெழுகியிருப்பார். பதக்கத்தை அழகுக்காக ஒன்று கூட்டியும் இருக்கலாம். ஆகவே வீட்டின் மிகப் பெரிய படம்தான் மிக மோசமான சாட்சி. அதற்கு மூலமான, ஓரம் செல்லரித்த அஞ்சலட்டை அளவுப் படம் பெட்டிக்குள் இருக்கும். அதன் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையும், தபால்தலை ஒட்டும் கட்டத்தில் காகிதக் கம்பெனியின் பெயரும் இருந்தால் காலமும் இடமும் இன்னும் இறுகும். பொத்தான்கள் மாறுபக்கம் விழுந்திருந்தால் நெகடிவைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். அப்போது வலது மார்பில் தெரியும் பதக்கங்கள் உண்மையில் இடது மார்பில் இருந்தவை. இது சின்ன விஷயமில்லை. தன் பதக்கத்தை இடப்பக்கமும், இறந்த உறவினருடையதை வலப்பக்கமும் அணிவது வழக்கம்.

குடும்ப நினைவை நான் தூக்கி எறிகிறேன் என்று ஒருவர் வருந்தக்கூடும். எறியவில்லை, அதன் எல்லையைக் கேட்கிறேன். பருத்தியும் கம்பும் வானம் பார்த்துக் கிடக்கும் மானாவாரி மண்ணில், மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சோறும் பட்டாளத்தில்தான் என்று போனவர், திரும்பி வந்து லாரி ஓட்டிய கதையைச் சொன்னால் யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்? பர்மா என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும். பிறகு, அதே கரிசலில் இருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போய் அங்கிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களும் பெரும்பாலும் பிரிட்டிஷ் காக்கியைத்தான் போட்டார்கள். அவர்களுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் எதிலும் கோப்பு இராது. 1972-ல் தொடங்கிய மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தின் காகிதங்களில்தான் தேட வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் சர்வீஸே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. அது இறந்தவர்களின் பட்டியல். இறந்தவர்களிலும் பஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை, எண்ணிக்கைதான். இத்தகைய பாரபட்சம் நடந்ததை 2021-ல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது.

பெட்டி என்று சொன்னேன். படத்தைவிட உறுதியான சாட்சி சில வீடுகளில் அந்தப் பெட்டிதான்: பட்டாளத்தில் இருந்து வந்த கறுப்பு இரும்பு டிரங்கு. இப்போது அதில் நெல்லோ பழைய சேலையோ இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டில் எண், பதவி, பெயர் எழுதுவது வழக்கம். மேலே வேறு பெயின்ட் அடித்திருந்தாலும் சாய்வான வெளிச்சத்தில் எழுத்தின் தடிப்பு தெரியும். எண் கிடைத்துவிட்டால் மாடசாமி, குருசாமி, சண்முகம் என்று நூற்றுக்கணக்கானோருக்கு நடுவில் நம் ஆளைப் பிரித்தெடுக்கலாம். கிடைக்காவிட்டால் தகப்பனார் பெயர்தான் துணை. கடிதத்தில் மாவட்டத்தைத் தூத்துக்குடி என்று எழுதினால் மட்டும் போதாது, அந்த மாவட்டம் பிறந்ததே 1986-ல். சாத்தூர்க்காரர் விருதுநகர் என்று எழுதுவதும் அதே பிழை. அவர் தாத்தா சேர்ந்தபோது அது ராமநாதபுரம். கோவில்பட்டிக்காரர் திருநெல்வேலி என்று, அதுவும் அன்றைய குமாஸ்தா எழுதிய ‘தின்னவெல்லி’, ‘கோயில்பட்டி’ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலோடு சேர்த்து எழுத வேண்டும். உறையின் மேல் வெலிங்டன் என்று போடுவதா, பெங்களூரு என்று போடுவதா என்பதற்கு மறுபடியும் அந்தச் சின்னப் படத்தின் தோள்பட்டையைத்தான் பார்க்க வேண்டும்.