தலையைத் தண்ணிக்குள்ள வை, மனே

"வாவிக்கரையில பிறந்த பிள்ளைகள்தானே, மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்க ஆள் எதுக்கு?" என்று ஒரு பரிசளிப்பு விழா மேடையில் பெரியவர் ஒருவர் பேசினார். கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பலர் என்னிடம் நீச்சல் பழகப் பிள்ளைகளை விட்டிருக்கிற தாய் தகப்பன்மார். மேடையில் எழுந்து பதில் சொல்வது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். இவ்வளவு காலம் தடாகக் கரையில் நின்று கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போன ஒருவன் அந்தப் பேச்சுக்கு எழுத்திலாவது பதில் வைக்கத்தான் வேண்டும்.

வாவிப் பிள்ளை நீந்தும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற மட்டக்களப்பு வாவி இது. இரண்டு கரையிலும் ஊர்கள். தோணியில் போய்வருகிற வீட்டுப் பிள்ளை நடக்கப் பழகிய கையோடு தண்ணீரில் மிதக்கவும் பழகிவிடும். ஆனால் அது தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தும். தூக்கத்தான் வேண்டும். வலை எங்கே கட்டிக் கிடக்கிறது, எந்தப் பக்கத்தால் தோணி வருகிறது, கண்ணாப் பற்றைக்குள் முதலை கிடக்கிறதா என்று பார்க்காதவன் வாவியில் இறங்கக் கூடாது. மாரியில் வெள்ளம் இறங்கி, பாலமீன்மடுவில் முகத்துவாரம் வெட்டிவிடுகிற நாட்களில் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தாலும் தன் கையே தெரியாது. அந்தத் தண்ணீரில் முகத்தை வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆக, வாவி கற்பித்தது சரியான பாடம். உயிர் காக்கிற பாடம்.

போட்டிக்கு அதே பாடம் பெரிய தடையாக வந்து நிற்கிறது. என் வேலையில் பாதி இந்த ஒரு விஷயத்திலேயே போயிருக்கிறது என்று சொன்னால் வெளியில் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். நெஞ்சுக்குள் இருக்கிற காற்று உடம்பின் முன்பாதியை மிதக்க வைக்கிறது. கால் எப்போதும் தாழத்தான் பார்க்கும். நாலைந்து கிலோ நிறையுள்ள தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அந்தப் பாரத்தையும் உடம்பே தாங்க வேண்டும், கால் இன்னும் இறங்கும். பிறகு பிள்ளை உடம்பைச் சரித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்காகும். சரிந்த உடம்போடு எவ்வளவு பலத்தைப் போட்டாலும் அது தண்ணீரைக் கலக்கத்தான் போகும்.

தலையை வைக்கச் சொன்னால் வைக்கிறார்கள். மூச்சு அங்கேதான் பிழைக்கிறது. வாவிப் பிள்ளை முகம் தண்ணீரில் பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்ததும் விடுகிற மூச்சையும் எடுக்கிற மூச்சையும் ஒரே நொடிக்குள் முடிக்கப் பார்க்கும். நேரம் காணாது. பாதி விட்டு, பாதி எடுத்து, அடுத்த வீச்சுக்குப் போகும். மூன்றாவது தடவையில் நெஞ்சு இறுகும், ஐந்தாவது தடவையில் பயம் வரும். அது காற்றுப் போதாமல் வருகிற பயம் என்று பிள்ளை நினைக்கும்; உள்ளே இருக்கிற கரியமிலவாயு வெளியே போகாமல்தான் அந்தத் தவிப்பு வருகிறது. அதனால் முதலில் ஊதப் பழக்குகிறேன். கரையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வைத்து, மூக்கால் மெதுவாக, குமிழி அறாமல் ஊத வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு கிழமை, இன்னொன்றுக்கு மூன்று மாதம். கதிரையில் இருந்து பார்க்கிற தாய்க்கு இது ஒரு பயிற்சியாகவே தெரியாது. "சேர், எப்ப நீந்த விடுவீங்க?" என்று கேட்பார். அது நீந்திக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோணிக் குடும்பம். வாவியில் அவனோடு போட்டிபோட அவன் வயதில் யாருமில்லை. தடாகத்துக்கு வந்த முதல் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தை வைத்தவன், பாதி வழியில் நின்றுவிட்டான். களைத்துவிட்டானோ என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அடியில் போகிற கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே மிதந்து கிடக்கிறான். "சேர், அடி தெரியுது!" என்றான். தண்ணீருக்கு ஓர் அடி உண்டு என்பதை அவன் காலால் மட்டுமே அறிந்திருந்தான்.

அவனுக்குத்தான் தலை வைக்க மற்றவர்களைவிட நீண்ட காலம் எடுத்தது. நன்றாக நீந்தத் தெரிந்தவனை மாற்றுவதுதான் கடினம். ஒன்றும் தெரியாத பிள்ளை சொன்னதைச் செய்யும். மல்லாந்து நீந்தும்போது நெற்றியில் பாதித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் கப்பை வைத்து, அது விழாமல் கால் அடித்துவரச் சொல்வேன். தலை அசைந்தால் கப் கவிழும். நான் வாய் திறக்கத் தேவையில்லை. குப்புற நீந்தும்போது ஒரு கையை நீட்டி, காதைத் தோளில் பதித்து, பக்கவாட்டில் கிடந்து கால் மட்டும் அடிக்க வேண்டும். மூச்செடுக்கத் திரும்பினால் ஒரு கண்ணாடி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடியும் வெளியே தெரிந்தால் நிறுத்தித் திரும்ப விடுவேன். "தலையத் தண்ணிக்குள்ள வை, மனே" என்று அவனுக்குச் சொன்ன அளவுக்கு வேறு எதையும் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டேன். அந்த நாட்களில் அவனைவிடச் சின்னப் பிள்ளைகள் போட்டிகளுக்குப் போய்ப் பதக்கத்தோடு வந்தார்கள். அவன் தகப்பன் ஒரு நாளும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. தொழில் பழக எவ்வளவு காலம் போகும் என்று கடல் தொழில் செய்கிறவருக்குத் தெரியும். தொடங்கும்போது 25 மீற்றருக்கு 28 கைவீச்சு எடுத்தவன் பதினைந்து வயதில் 19க்கு வந்தான், அதுவும் 400 மீற்றரின் கடைசி நீளத்தில். நேரம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன். இப்போது பாசிக்குடாவில் உயிர்காப்பாளனாக இருக்கிறான்.

இந்தக் காலக்கணக்குத்தான் இப்போதைய பெற்றோருக்குப் பொறுக்கவில்லை. எட்டு வயதில் சேர்க்கிறார்கள், ஒன்பதில் பதக்கம் கேட்கிறார்கள். இஸ்த்வான் பாலி போன்ற விளையாட்டு நிபுணர்கள் பிள்ளைகளின் பயிற்சியை வயதுப் படிகளாக வகுத்து எழுதியதை நான் வேதமாக எடுப்பதில்லை. அதில் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் அடிப்படைக் கருத்தைத் தடாகக் கரையில் நிற்கிற யாரும் மறுக்க முடியாது: பத்து வயதுவரை எல்லா வகை நீச்சலும் விளையாட்டுமாகப் பழக வேண்டும், பிறகுதான் தூரம், அதற்கும் பிறகுதான் வேகமும் பலமும். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும், பையன்கள் பதினான்கு அளவிலும் திடீரென்று வளர்வார்கள். கை நீளும், கால் நீளும், நேற்றுவரை சரியாக இருந்த வீச்சு இன்று தப்பும். அந்த வருஷம் நேரம் குறையாது. சில பிள்ளைகளுக்குக் கூடும். பயிற்றுவிப்பாளர் பொறுமையாக நின்று வீச்சைத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டிய வருஷம் அது. தகப்பன்மார் கோச்சை மாற்றுவதும் அந்த வருஷத்தில்தான்.

இந்த நாட்டில் பிள்ளையின் உடம்புக்கு ஒரு நாட்காட்டி, பரீட்சைத் திணைக்களத்துக்கு இன்னொரு நாட்காட்டி. நுட்பம் ஊறவேண்டிய பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை. காலையில் தடாகத்துக்கு வரவேண்டிய பிள்ளை ரியூசனில் இருக்கும். தூரம் கூட்டி முடித்து வேகத்துக்குத் திரும்புகிற பதினாறில் சாதாரண தரம். பிறகு உயர்தரம். ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷம் போகும், திரும்பி வருகிறவர்கள் சிலர்தான். பெண்பிள்ளைகளுக்கு இதற்கு முன்பே கதவு சாத்தப்படுகிறது. பெரியபிள்ளையானதும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். உடை, ஊர்ப்பேச்சு, மாதத்தில் சில நாட்கள் என்று காரணங்கள் சொல்வார்கள். என்னிடம் வந்தவர்களில் தண்ணீரை நன்றாகப் பிடிக்கத் தெரிந்த கைகள் பெண்பிள்ளைகளுடையவை. அவர்களில் பலரை இப்போது கடைத்தெருவில் குடும்பமாகக் காண்கிறேன். கதைக்கும்போது நீச்சலைப் பற்றி அவர்களும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

தாய்மாரின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2004 மார்கழிச் சுனாமியில் நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் கடல் என்ன செய்தது என்று இந்த ஊருக்குத் தெரியும். அன்று பிள்ளையாக இருந்து தப்பியவர்கள் இன்று தாய்மார். பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயை நான் ஒரு நாளும் கதிரையில் போய் இருக்கச் சொன்னதில்லை.

பொறுக்க முடியாதது குறுக்குவழி. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் பெரிய பெடல், அதாவது கைத்துடுப்பு, மாட்டி நீந்த விடுகிறார்கள், சீக்கிரம் பலம் வருமாம். நாலு கிலோமீற்றர் நீந்துகிற பிள்ளை, 25 மீற்றர் நீளத்துக்கு 20 வீச்சு என்றாலும், ஒரு பயிற்சியில் மூவாயிரத்துக்கு மேல் தடவை தோளைச் சுழற்றுகிறது. எலும்பு இன்னும் வளர்ந்து முடியாத தோள் அது. அதில் தப்பான வீச்சும் பெடலும் சேர்ந்தால் பதினாலு வயதில் கையைத் தூக்கித் தலைவார முடியாமல் என்னிடம் வரும். அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விலைகூடிய போட்டி உடுப்பு இன்னொன்று. அமெரிக்காவிலேயே 2020 செப்டம்பரிலிருந்து 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் அந்த வகை உடுப்பைப் போடக் கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். இங்கே கடன்பட்டு வாங்குகிறார்கள்.

இதைச் சொன்னால் நீச்சல் வீரர் பெல்ப்ஸின் பெயரை எடுப்பார்கள். பெல்ப்ஸ் பத்து வயதிலேயே சாதனை வைத்தவர்தானே என்பார்கள். வைத்தார். பதினோரு வயதில் பொப் போமன் என்ற ஒரே பயிற்றுவிப்பாளரிடம் போனார், 2000இல் சிட்னியில் பதினைந்து வயதில் ஐந்தாம் இடம், தங்கம் 2004இல்தான், கடைசி ஒலிம்பிக் 2016இல், 31 வயதில். அந்த இருபது வருஷத்தை விட்டுவிட்டு பத்து வயதை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்வது?

பாக்குநீரிணையும் இப்படித்தான் ஆகிவிட்டது. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி அதை நீந்திக் கடந்தார். ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியும் வந்தார், 51 மணித்தியாலத்தில்; 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரையும் கொடுத்தார். 2024இல் எங்கள் மட்டக்களப்புப் பிள்ளை தவேந்திரன் மதுஷிகன் நீந்திக் கடந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதி முடிக்க முடியாது. அந்த நீச்சலுக்குப் பின்னால் எத்தனை வருஷத்துக் காலைப் பொழுதுகள் இருக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் நிற்கிறவனுக்குத் தெரியும். அடுத்த கிழமையே ஒருவர் எட்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவனையும் கடக்க விடவேணும் சேர், வயது குறைஞ்சா பேப்பர்ல வரும்" என்றார். முப்பது கிலோமீற்றர் கடல், ஜெல்லிமீன், இரவு நீரோட்டம். நான் அந்தப் பிள்ளையிடம் ஊதிக் காட்டச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வெபர் விளையாட்டரங்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் பெயருக்குரியவரை நினைத்துக்கொள்வேன். அமெரிக்காவிலிருந்து வந்து தன் ஆயுளை இந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கொடுத்த இயேசு சபைத் துறவி. அவர் காலத்தில் பிள்ளைகளை ஒப்படைத்த பெற்றோர் கையில் ஸ்டொப் வோச் இருக்கவில்லை. இன்று ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிறது. பயிற்சி நடக்கும்போதே நேரம் எடுத்து, வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் வைத்துப் பிள்ளையை ஏசுகிறார்கள். போட்டிக்கு முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு ரயிலில் இருந்து போய், நித்திரையில்லாமல் கொழும்பில் சுகததாச தடாகத்தில் குதிக்கிற பிள்ளையை, வீட்டிலிருந்து காரில் வந்து இறங்கிய பிள்ளையோடு ஒப்பிட்டு இரண்டு செக்கனுக்காக அழவைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். இளம் பயிற்றுவிப்பாளர்களும் பெற்றோரின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பதக்கம் காட்டினால்தான் பிள்ளைகள் சேருவார்கள், பிள்ளைகள் சேர்ந்தால்தான் சம்பளம். அவர்களின் வயிற்றுப்பாடு எனக்கு விளங்குகிறது. ஆனால் ஊதப் பழக்காமல் குதிக்கப் பழக்குகிறவரைப் பயிற்றுவிப்பாளர் என்று சொல்ல என் நா எழாது.

மாரி முடிந்து தை மாதம் புதுப்பிள்ளைகள் சேரும்போது பத்து வயதுக்குக் கீழே உள்ள எவருக்கும் நான் நேரம் எடுக்கப்போவதில்லை. மாதம் ஒரு தடவை ஒரு கடதாசியில் மூன்று விஷயம் எழுதிக் கொடுப்பேன்: 25 மீற்றருக்கு எத்தனை வீச்சு, இரண்டு பக்கமும் மூச்செடுக்கிறதா, சுவரை உதைத்த பிறகு எவ்வளவு தூரம் சும்மா வழுக்கிப் போகிறது. பெண்பிள்ளைகளின் தாய்மாரிடம் பதினாறு வயதுவரை நிறுத்தமாட்டோம் என்று ஒரு வாக்குக் கேட்பேன். கைபேசியைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இதையெல்லாம் முதலே சொல்லிவிட்டுத்தான் பெயர் பதிவேன். சம்மதமில்லாதவர்கள் வேறு இடம் பார்க்கலாம். போகிறவர்களை நான் மறிக்கமாட்டேன்.